குல்சும் அக்காவுக்குக் காவல் நின்ற கண்கள்

மந்தைவெளியில் கல்யாண ரவிக்கைகளுக்கு எம்பிராய்டரி டிசைன் வரைபவர் குல்சும் அக்கா. அவரது உடைந்த காலுக்கு மாவுக்கட்டு போட்ட டாக்டர், மறுபடி விழுந்தால் நடப்பதே கஷ்டம், படி இறங்காதே என்றார். ஆனால் அக்காவின் டிசைன் சாஃப்ட்வேர் கீழ்த்தளத்தில் இருந்த அவரது லினக்ஸ் கம்ப்யூட்டரில்தான் ஓடும். அவர் படுத்திருந்த மாடியில் இருந்தது விண்டோஸ் லேப்டாப். பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டுச் சும்மா இருந்த நான் இரண்டையும் இணைத்து, கீழே ஓடுவது மேலே திரையில் தெரியும்படி செய்தேன்.

அக்கா நம்பவில்லை. “இங்க வரைஞ்சா அங்க எப்டிடா சேரும்? எறங்கிப் பாத்துட்டு வரேன்.”

நான் கீழே ஓடி, அந்தக் கம்ப்யூட்டரில் இருந்த ஒரு விளையாட்டு புரோகிராமை ஓட்டி, அவர் திரையில் இரண்டு உருண்டைக் கண்களைத் திறந்துவிட்டேன். மவுஸ் போகும் பக்கமெல்லாம் அவை திரும்பின.

“இன்னாடா இது, மொறைச்சிக்கினே கீது?” என்று மேலிருந்து குரல் வந்தது.

“கீழ கீற கம்ப்யூட்டர்க்கா. நீ படியாண்ட போனா எங்கிட்ட சொல்லிடும்.”

மறுநாள் நான் மாடி ஏறும்போது, அக்கா சுவரைப் பிடித்தபடி முதல் படியில் காலை வைத்துக்கொண்டிருந்தார்.

“மயில் டிசைனை இழுத்துக் கண்ணு மேல மூடிட்டுத்தான்டா வந்தேன். அப்பவும் சொல்லிச்சா?”

“சொல்லிச்சுக்கா.”

“கோள் மூட்டுற கம்ப்யூட்டர்” என்று முனகிக்கொண்டே என் தோளைப் பிடித்து உள்ளே திரும்பினார். நான் கீழே போய், அங்கே பத்திரமாகச் சேர்ந்திருந்த மயிலை போனில் படம் பிடித்துவந்து காட்டினேன். அதைப் பெரிதாக்கித் தோகை முழுவதையும் பார்த்த பிறகுதான் கட்டிலில் காலை நீட்டினார்.