பாராக இருந்த வீட்டில் ஒரு கூறைப்புடவை

கார்த்திகை மாதக் கடைசி வாரத்தில் காஞ்சிபுரம் போவதென்றால் தங்குவதற்கு முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டுப் போங்கள். நான் சொல்லி வைக்காமல் போனவள். தை மாதக் கல்யாணத்துக்கு மார்கழியில் கூறைப்புடவை எடுக்கமாட்டார்கள், ஆகவே கல்யாண வீட்டுக்காரர்கள் எல்லோரும் அந்த ஒரு வாரத்தில்தான் அங்கே வந்து நிற்பார்கள். என் மகளுக்கும் அப்படித்தான் எடுத்தோம். அறுபது வயதில் இதுகூடவா மறந்துபோகும்? கைலாசநாதர் கோயிலை அவசரமில்லாமல் பார்க்க வேண்டும், மூன்று நாள் போதும் என்ற ஒரே நினைப்பில் தனியாகக் கிளம்பிவிட்டேன்.

காலை ஐந்தேகாலுக்குத் திருச்சியில் சென்னைப் பேருந்து. செங்கல்பட்டில் இறங்கும்போது பத்தே முக்கால், டிக்கெட் 260 ரூபாய். அங்கிருந்து காஞ்சிபுரம் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர், 40 ரூபாய், ஒன்றே கால் மணி நேரம். பேருந்து நிலையத்தைச் சுற்றி நான்கு லாட்ஜ்களில் கேட்டேன். மூன்றில் அறை இல்லை. நான்காவதில் இருந்தது, ஆனால் அந்தக் குளியலறையைப் பார்த்தபின் ரோட்டிலேயே படுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

வெளியே நின்ற ஆட்டோக்காரர் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "ரூம் கெடைக்காதும்மா, கல்யாண சீசன் ஓடிக்கினு இருக்குது. கிராமம் பரவாயில்லன்னா ஒரு வீடு இருக்குது. புச்சா ரெடி பண்ணது. அந்தக்கா நல்ல மாதிரி." 250 ரூபாய் கேட்டார், 220-க்கு இறங்கினார். ஊரைத் தாண்டி வயல்வெளி வழியே போனோம்.

அந்த அக்காவின் பெயர் எஸ்தர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பத்தைந்து வயதிருக்கும். டவுனில் ஒரு பட்டுக்கடையில் பன்னிரண்டு வருடம் புடவை மடித்துக் கொடுக்கும் வேலை பார்த்தவர். நான்கு அறைகள். வெள்ளைச் சுவர், சிவப்புத் தரை, காலைச் சிற்றுண்டியோடு நாளைக்கு 1,200 ரூபாய். ஒவ்வொரு அறையிலும் கிழக்குப் பார்த்த மூலையில் ஒரு மணை, அதில் சின்னக் குத்துவிளக்கு, பக்கத்தில் மஞ்சள் குங்குமக் கிண்ணம். கழுத்தில் சிலுவைச் சங்கிலி போட்டவர் வீட்டில் இது என்ன என்று கேட்டேன்.

"கூறை எடுத்துக்கினு வர்றவங்க அதை எங்க வெக்கறதுன்னு தெரியாம கட்டில் மேல வெச்சிட்டு முழிப்பாங்கம்மா. கடையில நிறைய பேர் சொல்லிக் கேட்டிருக்கேன். அதான்."

இந்த ஒரு யோசனைக்கே அவருக்கு மாலை போடலாம்.

சாயங்காலம் கொல்லைப்புறம் நடந்தபோது மண்ணில் பாட்டில் மூடிகள் காலில் இடறின. ஒன்றிரண்டு இல்லை. சமையலறை ஜன்னலில் கை மட்டும் நுழையும் அளவுக்கு ஓட்டை விட்ட இரும்புக் கம்பி. எனக்குச் சந்தேகம் வந்தால் கேட்காமல் இருக்க முடியாது. கேட்டேன், எஸ்தரும் சொன்னார். ஒரு காலத்தில் அந்தக் கட்டடத்தில் முன்பக்கம் ஒயின் ஷாப், பின்னால் பார். அவர் வீட்டுக்காரர் சம்பாதித்ததெல்லாம் அந்த ஜன்னல் வழியாகத்தான் போயிருக்கிறது, கடைசியில் ஆளும் போய்விட்டார். எஸ்தரும் இன்னும் இருபது பெண்களும் பதினேழு நாள் வாசலில் உட்கார்ந்து கடையை மூடவைத்தார்கள். அதன்பிறகு ஆறு வருடம் கட்டடத்தை யாரும் சீண்டவில்லை. இவர் குறைந்த விலைக்கு வாங்கினார். உடைந்த கண்ணாடி மட்டும் இரண்டு டிராக்டர் லோடு. வாடை போகத் தரையைப் பெயர்த்து, மண்ணை மாற்றி, மூன்று தரம் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்.

"இப்பவும் பழைய ஆளுங்க வர்றாங்கம்மா. ரூம் குடு, பாட்டில் நாங்களே கொண்டாறோம்னு. துரத்திக்கினுதான் இருக்கேன். எங்க கடை மேனேஜர் நாளைக்கு ஒரு கல்யாண வீட்டை அனுப்பறேன்னு சொல்லியிருக்காரு. அவங்களுக்குப் பிடிச்சுப்போச்சுன்னா வருசம் பூரா அனுப்புவாராம். அது நடந்தாப் போதும், இந்தப் பசங்க பக்கம் திரும்பிப் பார்க்க வேணாம்."

வருகிறவர்களிடம் இதைச் சொல்லாதீர்கள் என்று அவர் என்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை. மகளைக் கட்டிக்கொடுத்த ஒரு பொம்பளைக்கு அதைச் சொல்லித்தர வேண்டுமா என்று நினைத்திருப்பார்.

மறுநாள் மாலை அவர்கள் வந்தார்கள். தேனிப் பக்கம். அப்பா, அம்மா, பெரியம்மா, கல்யாணப் பெண். அரக்கு நிறக் கூறை, மஞ்சள் துணியில் சுற்றியிருந்தது. மணையைப் பார்த்ததும் அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. புடவையை வைத்து, விளக்கேற்றி, எஸ்தர் கொண்டுவந்த பூவையும் வைத்தார்கள். காலையில் காமாட்சியம்மன் காலடியில் வைத்து வாங்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்புவதாகத் திட்டம்.

காலை ஏழரை மணிக்கு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். மிளகும் சீரகமும் தட்டிப் போட்ட இட்லி. அந்த அம்மா எஸ்தரின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க சொந்தத்துல இன்னும் மூணு கல்யாணம் இருக்கு, எல்லாரையும் இங்கதான் தங்கச் சொல்லுவேன்" என்றார். எஸ்தருக்கு வெட்கமும் சிரிப்புமாக வந்தது. அங்கே நான் வாயை மூடிக்கொண்டு இட்லியைத் தின்றிருக்க வேண்டும்.

"இவங்களைச் சாதாரணமா நினைச்சுடாதீங்க" என்று ஆரம்பித்தேன். "இந்த இடம் முன்னால ஒயின் ஷாப் பாரா இருந்தது. பதினேழு நாள் வாசல்ல உட்கார்ந்து மூடவெச்சதே இவங்கதான்!"

மற்றவர்களும் என்னைப் போல ஆகா என்பார்கள் என்று எதிர்பார்த்தேன். பெரியம்மா கையிலிருந்த இட்லித் துண்டைத் தட்டிலேயே வைத்தார். பெண்ணின் அம்மா எழுந்து அறைக்குள் போனார். திரும்பி வந்தபோது கூறையைத் தோளில் சாய்த்துப் பிடித்திருந்தார், தூங்கும் குழந்தையைத் தூக்குவதுபோல.

"ராத்திரி பூரா இங்கதான வச்சிருந்தோம்" என்றார். வேறு யாரிடமும் இல்லை, தனக்குத்தானே.

"எல்லாத்தையும் கழுவிட்டோம்மா" என்றார் எஸ்தர். "ஃபாதர் வந்து ஜெபம் பண்ணாரு. உங்களை மாதிரி வர்றவங்களுக்காக ஐயரையும் கூப்பிட்டு ஹோமம் பண்ணியிருக்கேன். தரையே புதுசும்மா."

"இவங்கதானம்மா கடையை மூடுனது?" என்றாள் அந்தப் பெண். "நீ சும்மா இரு" என்றார் அம்மா. யாரும் சத்தம் போடவில்லை. அப்பா பணத்தை முழுதாக எண்ணி வைத்துவிட்டு, "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லம்மா" என்று மட்டும் சொன்னார். எட்டு மணிக்கு முன்பே கார் கிளம்பிவிட்டது. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். என் மகளின் கூறையை நானும் அங்கே வைத்திருக்கமாட்டேன், அந்த நிமிடத்தில்தான் அது எனக்கு உறைத்தது.

பத்து மணிக்கு மேனேஜர் கூப்பிட்டார். எஸ்தர் "சரிங்க சார்" என்று மூன்று தடவை சொல்லிவிட்டு போனை வைத்தார். இனி அனுப்பமாட்டாராம்.

நான் மன்னிப்புக் கேட்டேன். எஸ்தர் தட்டுகளை அடுக்கிக்கொண்டே பதில் சொன்னார். "நீங்க நல்லதுன்னுதான் சொன்னீங்க, அதான்மா கஷ்டமா இருக்குது. கெட்ட எண்ணத்துல சொல்லியிருந்தா நாலு வார்த்தை திட்டிட்டு விட்டிருப்பேன்."

மாலை நாலு மணிக்குக் கைலாசநாதர் கோயிலுக்குப் போனேன். எதற்காகத் திருச்சியிலிருந்து வந்தேனோ அந்தச் சிற்பங்கள் முன்னால் நின்றேன். ஒன்றும் மனதில் ஏறவில்லை. ஐந்தரைக்குத் திரும்பும்போது வீட்டு வாசலில் இரண்டு மோட்டார் பைக் நின்றிருந்தது. எஸ்தர் கதவை முழுக்கத் திறக்காமல், "ரூம் இல்லைப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று அறை காலியாக இருந்தது அவர்களுக்கும் தெரியும்.

போகிறவர்களுக்குச் சில தகவல்கள். பெரிய கோயில்கள் பலவும் பன்னிரண்டரை மணிவாக்கில் நடை சாத்திவிட்டு நாலு மணிக்குத்தான் திறக்கின்றன. பட்டுக்கடைகளில் காலை பத்து மணிக்குப் போனால் நிதானமாகப் பார்க்கலாம். ஷேர் ஆட்டோக்கள் பத்து, இருபது ரூபாய்க்கு எல்லாப் பக்கமும் ஓடுகின்றன. மார்கழியில் கல்யாணக் கூட்டம் இராது, லாட்ஜ் அறைகள் பாதி விலைக்கே கிடைக்கும் என்றார் ஆட்டோக்காரர். தங்குகிற வீட்டைப் பற்றி வீட்டுக்காரர் உங்களை நம்பி ஏதாவது சொன்னால், அது உங்களோடு இருக்கட்டும்.

நான்காம் நாள் காலை பையைத் தூக்கியபோது எஸ்தர் கேட்டார். "நீங்க நெட்டுல எழுதுவீங்கன்னு சொன்னீங்க இல்ல?"

"ஆமாம் எஸ்தர். ரொம்ப நல்லதாகத்தான் எழுதப்போகிறேன்."

"நல்லதா எழுத வேணாம்மா" என்றார். "எழுதவே வேணாம்."

சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் ஆட்டோவில் ஏறினேன். வீட்டுக்கு வந்து நான்கு நாள் பொறுத்துப் பார்த்தேன், ஐந்தாம் நாள் உட்கார்ந்து இவ்வளவையும் எழுதிவிட்டேன். கிராமத்தின் பெயரை மறைத்துவிட்டேன், அவர் பெயரையும் மாற்றிவிட்டேன், அது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். எஸ்தர் கேட்டது அது இல்லை.