பிறந்த வீட்டுக் கோடிக்குப் பின் ஓர் இரத்தச் சோதனை

ஐயா, அம்மா, இதே நோயோடு காத்திருக்கும் தங்களுக்கு என் வணக்கம்.

கஞ்சிக்கோட்டு இரும்பாலையில் பணி ஓய்வு பெற்ற பின், பல் துலக்கும்போதெல்லாம் ஈறில் இரத்தம் கசிந்தது. இரத்தப் புற்றுநோய் என்றனர். எலும்பு மஜ்ஜை மாற்று (நோயுற்ற இரத்த ஊற்றை அழித்து, பிறர் தரும் மூல அணுக்களைச் செலுத்துதல்) ஒன்றே வழியாயிற்று. சூரியநெல்லித் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்து வந்த என் தங்கை சரசுவின் அணுக்கள் பொருந்தின.

“இனிமே உனக்குக் கோவம் வந்தா அது என் கோவம்ணே. பாத்து நடந்துக்க” என்று சிரித்தாள்.

மாற்றுக்குப் பிந்திய முதற்சோதனையில் என் டி-செல்கள் (கிருமிகளை இனங்கண்டு தாக்கும் வெள்ளை அணுக்கள்) முழுதும் அவளுடையவையாக இருந்தன.

சில மாதங்களில் அவள் கொழுந்துச் சாக்கோடு சரிந்து இறந்தாள். மாரடைப்பு. தொற்றுக்கு அஞ்சி, கூட்டத்துள் செல்ல எனக்குத் தடை. ஆயினும், பிறந்த வீட்டுக் கோடிச்சேலை போர்த்தாமல் எங்களில் இறந்த பெண்ணைத் தூக்குவதில்லை. அவளுக்கு எஞ்சிய பிறந்த வீடு நான் ஒருவனே. அவள் குடியிருந்த லயத்துக்குக் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) கீழே ஜீப்பில் அமர்ந்திருந்தேன். அவள் கணவர் கைகழுவி இறங்கி வந்தார்.

“எறங்காதீங்க மச்சான். அவ குடுத்ததக் கெடுத்துக்கிட்டீங்கன்னா எந்திரிச்சு வந்து ஏசுவா. கோடியத் தாங்க.”

சன்னல் வழியே கொடுத்தேன். முகம் பார்க்கவில்லை.

அடுத்த சோதனையில் என் பழைய அணுக்கள் தலைகாட்டியிருந்தன. அவள் இறந்ததை அறியாத மருத்துவர், “தங்கச்சிய ஒரு தடவ கூட்டிட்டு வாங்க. அவங்க வெள்ளை அணுவக் கொஞ்சம் எடுத்து ஏத்திரலாம்” என்றார்.

“அடக்கம் பண்ணியாச்சு டாக்டர்.”

அவர் பேனாவை மூடினார். முன்பு எடுத்த அவள் அணுக்களில் சேமிப்பிலும் ஒன்றுமில்லை. எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரையைக் குறைத்தார். என்னுள் எஞ்சிய அவள் அணுக்கள் தாமே போரிட்டு இடம்பிடிக்க வேண்டும். இல்லையேல் நோய் திரும்பும்.

காத்திருந்த நாள்களில் என் உள்ளங்கைகள் சிவந்து எரிந்தன. கொடையாளர் அணுக்கள் தோலைத் தாக்குகின்றன என்று மருத்துவர் களிம்பு தந்தார். தங்களுக்கு இவ்வாறு நேர்ந்தால் பொறுத்திராமல் உடனே தெரிவியுங்கள். நானோ, கோடியைத் தன்மேல் போர்த்தாத கைகளை அவள் தேடி வந்துவிட்டாள் என்றே எண்ணினேன்.

மறுசோதனையில் டி-செல்கள் மீண்டும் அவளுடையவையாயின. மச்சானுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் கேட்டார்:

“அப்ப கோடிய யாருக்கு மச்சான் போத்துனோம்?”

அவள் இறந்த பின் பிறந்த அவள் அணுக்கள், இதை எழுதும் விரல்களில் ஓடுகின்றன. உள்ளங்கைகள் ஆறிவிட்டன. ஆறாதிருந்திருக்கலாம் என்று சில வேளை தோன்றும்.

இவ்வரலாற்றை எறிந்துவிடாமல் வைத்திருக்க வேண்டுகிறேன்.