மாரடைப்பு என்ற கட்டம்

சாவைக் கணக்குப் போடுவது என் வேலை. பிழைக்க வேறு வழியா இல்லை என்று அம்மா திட்டுவாள்.

அந்த மாதம் இரண்டு இடங்களை ஒப்பிடச் சொல்லியிருந்தார்கள். பட்டாபிராம் பக்கம் ஓய்வு பெற்றவர்கள் நிறைந்த ஒரு நகர். அம்பத்தூர் பக்கம் ஒரு தொழிலாளர் குடியிருப்பு. மேலோட்டமாகப் பார்த்தால் பட்டாபிராமில்தான் சாவு அதிகம். கிழவர்கள் இருக்கும் இடத்தில் சங்கு ஊதத்தான் செய்யும். அதனால் வயதுக்கு வயது பிரித்துப் பார்க்க வேண்டும். பட்டாபிராமில் நாற்பதுகளில் இருப்பவர்கள் சாகிற அதே வீதத்தில் குடியிருப்பிலும் செத்திருந்தால் எத்தனை பேர் போயிருப்பார்கள், உண்மையில் எத்தனை பேர் போனார்கள்?

பார்த்தேன். குடியிருப்பில், நாற்பதுகளில், சாவின் காரணம் குறிக்கும் அட்டவணையில் நுரையீரல் என்ற கட்டத்தில் எண்ணிக்கை கூடுதலாக இருந்தது. என் தம்பி அங்கேதான் இருக்கிறான். வயது நாற்பத்திரண்டு. ஒரு பட்டறையில் வார்ப்பிரும்பு மேல் மணலைப் பீய்ச்சியடித்துச் சுத்தம் செய்யும் வேலை. மழைக்காலத்திலிருந்து இருமுகிறான்.

கூடுதல் கொஞ்சம்தானே, சின்ன இடத்தில் ஓரிரு சாவு தற்செயலாகவும் கூடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மாரடைப்புக் கட்டமும் பெருத்துத்தான் இருந்தது. அது எல்லா ஊரிலும் வருவதுதான் என்று தாண்டிவிட்டேன். ஆனாலும் மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். சாப்பிட உட்கார்ந்ததும், கூட வேலை செய்தவர்களில் நுரையீரல் கெட்டுப் போனவர்கள் உண்டா என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். நான் பயப்படுவது அவனுக்குப் புரிந்துவிட்டது. என்னைத் தேற்றத்தான் சொன்னான்.

“அதெல்லாம் ஒண்ணியும் இல்லக்கா. எங்க ஆளுங்க போனதெல்லாம் மாரடைப்புலதான். ஒரு வருசம் இருமிகினு கெடப்பாங்க, மூச்சு வாங்கும், ஒரு நாள் ஊட்லயே போய்டுவாங்க. டாக்டர் வந்து பாத்து மாரடைப்புனு எழுதிக் குடுத்துடுவாரு.”

நான் தாண்டி வந்த மாரடைப்புக் கட்டத்தில்தான் நுரையீரல் கெட்டுச் செத்த மீதிப் பேர் இருந்தார்கள். எழுதிக் கொடுத்தவர்கள் மேலும், தாளை அப்படியே நம்பிய என் மேலும் ஆத்திரம் வந்தது. ஆத்திரத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது.

“அப்டிப் போனவங்க எல்லாருமே இருமுனாங்களாடா?” என்று கேட்டேன்.

அவன் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி விரல் விட்டு எண்ணினான். ஒவ்வொரு பெயருக்கும் ஆமாம் என்று தலையாட்டினான். நான்காவது விரலில் நிறுத்தி என்னைப் பார்த்தான். தட்டைத் தள்ளி வைத்தான்.

“நாளைக்கு லீவு போட்டுட்டு எக்ஸ்ரே எடுத்துட்றேன்,” என்றான். “நீயும் கூட வாக்கா.”