முடி காணிக்கை

அப்போது எனக்கு வங்கியில் வேலை. சனிக்கிழமை அரை நாள் முடிந்ததும் ஸ்ரீவராகத்தில் இருக்கும் வீட்டுக்குப் போகாமல் நேரே பெண்கள் காப்பகத்துக்குப் போவேன், மொழிபெயர்க்க. திருவனந்தபுரத்தில் தமிழுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளரா என்று வீட்டில் கேலி செய்தார்கள். நியாயமான கேலிதான். நான் யாருக்காகப் போனேனோ அந்தப் பெண் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள், படித்ததெல்லாம் மலையாளப் பள்ளியில். ஆனால் தோட்டம் படுத்துச் சம்பளம் நின்றபோது, வீட்டுவேலை என்று வளைகுடாவுக்குக் கூட்டிப்போய் அவளை விற்ற ஏஜென்ட் பேசியது மலையாளம். திரும்பி வந்தபின் அந்த மொழி காதில் விழுந்தாலே சுவரோடு ஒட்டிக்கொள்வாள். மனநல டாக்டருக்குத் தமிழ் தெரியாது. நடுவில் நான்.

அந்த ஏஜென்ட் பின்னால் மாடி வீடு கட்டி நன்றாகவே இருந்தான். நாசமாய்ப் போக என்று இன்றும் வாய் நிறையச் சொல்வேன். இந்த வயதில் எனக்கு அதற்குக்கூட உரிமை இல்லையா?

வளைகுடாவில் அவளுக்கு நடந்ததையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அது அவளுடையது. ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். அங்கே வேலை செய்த வீட்டிலிருந்து ஒருமுறை தப்பி ஓடிப் பிடிபட்டபோது, எஜமானி அவள் தலையை மழித்துவிட்டாள். மொட்டைத் தலையோடு ஒரு பெண் தெருவில் இறங்க மாட்டாள் என்ற கணக்கு. முளைக்க முளைக்க மழித்தாள்.

இதைச் சொல்ல அவளுக்குப் பல மாதங்கள் ஆயின. சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இது அம்மாட்ட சொல்லாதீங்க. அது தாங்காது."

டாக்டரும் அதையே சொன்னார். அவள் சொல்ல வேண்டியதை அவளே சொல்லட்டும், நாம் வாய் திறக்கக் கூடாது. அதில் இன்றும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினாள். அனுமதி கேட்காமல் சாப்பிட்டாள். கழிவறைக்குப் போக யாரிடமும் கேட்டு நிற்கவில்லை. முடி கழுத்தைத் தொட்டபோது தேங்காயெண்ணெய் கேட்டாள். அன்று டாக்டருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே.

அவள் அம்மா போனக்காட்டிலிருந்து பஸ் பிடித்து வந்து பார்த்துவிட்டுப் போவாள். ஒருநாள் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள்.

"சேச்சி, மோள் உயிரோட வந்தா அவ முடி தாறேன்னு மாரியம்மனுக்கு நேர்ந்திருக்கேன். வீட்டுக்குக் கொண்டுபோற அன்னைக்கே செய்யணும்."

"இப்போ வேண்டாம். அவகிட்ட அந்தப் பேச்சையே எடுக்காதீங்கோ."

"ஏன் சேச்சி?"

"டாக்டர் சொல்லியிருக்கா."

டாக்டர் சொன்னால் சரி என்று தலையாட்டினாள். மறுபடி அதைப் பற்றிப் பேசவே இல்லை. நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன்.

வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர் சொன்ன சனிக்கிழமை, அவள் பையைக் கட்டி வைத்து, சின்னதாய்ப் பின்னல் போட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அம்மா முந்தானையைத் தலையில் முக்காடாய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மனைக் காக்க வைக்கக் கூடாதில்லியா சேச்சி. அவளுக்குப் பதிலா நான் கொடுத்துட்டேன். இனி ஒரு குறையும் வராது" என்று முந்தானையை இறக்கினாள். சந்தனம் பூசிய மொட்டைத் தலை.

மகள் எழுந்து வந்தாள். இரண்டு கையாலும் அந்தத் தலையைத் தடவிப் பார்த்தாள்.

"உன்னையும் அங்க கொண்டுபோயிட்டாளாம்மா?"

"எங்க மோளே? கோயில்லதான்..."

அவள் கேட்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, தானும் நுழைந்து, தன் உடம்பால் அவளை மறைத்துக்கொண்டாள். நானும் டாக்டரும் தரையில் உட்கார்ந்து குனிந்து கூப்பிட்டோம். அவளுக்கு நாங்கள் அங்கே இல்லை. அம்மாவின் காதில் மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அழாதம்மா. அழுதா நாளைக்கும் மழிப்பா. அசையாம இருந்தா காயம் படாது. நான் அப்படித்தான் இருந்தேன்."

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அதை மலையாளத்தில் சொல்ல என்னால் முடியவில்லை. அம்மாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மகள் சொன்னபடியே, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, அசையாமல் இருந்தாள்.