மோத்திக்குத் தெரிந்த இந்தி

போன ஞாயிற்றுக்கிழமை பம்பாயில் எங்கள் செம்பூர்க் கட்டடத்தின் லிஃப்டில் எட்டாவது மாடிப் பெண் நாயோடு ஏறினாள். மாட்டுங்காத் தமிழர்களுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவள். அப்போதுதான் நாயைக் குளிப்பாட்டியிருப்பாள் போல, அது சொட்டச் சொட்ட நின்றது.

"லீவுக்குக் கோயம்புத்தூர் வரைக்கும் கார்லயே போறோம் அங்கிள், இவனையும் அழைச்சுண்டு. நீங்க ரோட்ல போயிருக்கேளா?"

நாய்க்கு சீட் பெல்ட் வாங்கியாகிவிட்டதாம், குளிர்ச்சியான பாய் வாங்கியாகிவிட்டதாம், வாந்தி வராமலிருக்க மாத்திரையும் தயாராம். நாய்க்கு சீட் பெல்ட்! ஆயுசு பூரா டெம்போ ஓட்டிய எங்கள் அப்பா தனக்கே அதைப் போட்டுக்கொண்டதில்லை. "போயிருக்கேன்மா, ரோடு இப்ப நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு என் மாடியில் இறங்கிக்கொண்டேன். அங்கிள் என்றது கொஞ்சம் வலித்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஈர நாயின் வாசனை இருக்கிறதே, அது என்னோடு வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. அன்று முழுக்க நான் எந்த வேலையும் பார்க்கவில்லை.

அது மோத்தியின் வாசனை. தாராவியில் எங்கள் ஒற்றை அறைக்கு வெளியே, தண்ணீர் டிரம்முக்கும் ஏணிக்கும் நடுவே ஒரு சாக்கு கிடக்கும். மழைக்காலத்தில் அந்தச் சாக்கும் அதன்மேல் படுத்திருக்கும் மோத்தியும் சேர்ந்து சந்து முழுக்க மணக்கும். செவலை நிறம், ஒரு காது நிமிர்ந்தது, இன்னொன்று தொங்கல். குட்டியாக இருந்தபோது பக்கத்து வீட்டு உத்தரப்பிரதேசத்துக்காரர் தூக்கிவந்தது. அவர் ஊருக்குப் போய் மூன்று மாதம் வரவில்லை. திரும்பி வந்து பார்த்தால் அது எங்கள் வீட்டு நாயாகியிருந்தது.

காலையில் பொதுக் கழிப்பறைக்கு வரிசையில் நிற்கப் போகும்போது அதுவும் கூட வரும். என் முறை வந்ததும் "பைட்டு" என்பேன், உட்காரும். "ருக், அபீ ஆயா" என்பேன். இரு, இப்ப வந்துடுறேன் என்று அர்த்தம். அதற்குப் பிறகு மலையே சரிந்தாலும் அந்த இடத்தைவிட்டு அசையாது. வெளியே வந்து "சல்" என்று சொன்னால்தான் எழும். வா, போகலாம் என்று சொன்ன அந்தக் கணத்தில் அதன் உடம்பு முழுக்க வாலாகிவிடும். வரிசையில் நிற்கிற பாதிப் பேர் வயிற்று அவசரத்தை மறந்து சிரிப்பார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். வீட்டில் நாங்கள் பேசுவது நாங்குநேரித் தமிழ். அப்பா என்னைத் திட்டுவது தமிழ், அம்மா சாமி கும்பிடுவது தமிழ். ஆனால் மோத்தியிடம் மட்டும் எல்லோரும் இந்திதான். ஏன் என்று யாரும் யோசித்ததில்லை. பம்பாயில் நாயிடம் எல்லோரும் இந்தியில்தான் பேசுகிறார்கள், மராத்திக்காரர்கூட. அம்மாவுக்கு இருபது வருஷத்தில் வந்த இந்தி மொத்தமும் காய்கறிக்காரனுக்கும் மோத்திக்கும்தான். எங்களுக்கு அது இந்தியாகவே தோன்றியதில்லை. நாயிடம் பேசுகிற பேச்சு, அவ்வளவுதான்.

எனக்கு இருபது வயதாகி, தாணேயில் ஒரு ஆபீசில் கம்ப்யூட்டரில் பெயர் விலாசம் ஏற்றுகிற வேலை கிடைத்த சமயம், எங்கள் சந்து வீடுகளை இடித்துக் கட்டடம் கட்டப்போகிறோம் என்றார்கள். அது முடியும்வரை சீத்தா கேம்ப் என்ற பகுதியில் நாலாவது மாடியில் ஓர் அறை பார்த்தோம். நாய் கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டுப் பார்த்தாள். ம்ஹூம்.

ஊரில் மாமா இருந்தார், அம்மாவின் அண்ணன். நாங்குநேரியைத் தாண்டி ரோட்டோரத்தில் வீடு. கட்டடம் எழும்புகிறவரை அவரிடம் விடலாம் என்று முடிவாயிற்று. ரயிலில் நாய்க்கென்று கார்டு பெட்டியில் ஒரு கூண்டு உண்டு என்று யாரோ சொன்னதுதான் தாமதம், அம்மா பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள். "ரெண்டு நாளா அந்த இருட்டுக்குள்ள கெடக்குமா அது? நீரு கெடப்பீரா?" அப்பா, பை வியாபாரிகளுக்குச் சரக்கு ஏற்றும் தன் டெம்போவைக் கழுவித் துடைத்து, பின்னால் ஒரு மெத்தையை விரித்தார். மே மாத வெயிலில் நாங்கள் மூன்று பேர், மோத்தி, அப்புறம் அம்மா விட்டுப்பிரிய மறுத்த கறுப்புக் கோழி ஒன்று. இப்படித்தான் புறப்பட்டோம்.

அந்த மூன்று நாள் பயணத்தைப்போல ஒன்று என் வாழ்க்கையில் பிறகு வரவேயில்லை. சாத்தாரா தாண்டி மோத்தி அம்மா மடியிலேயே வாந்தி எடுத்தது. கோலாப்பூர் பக்கம் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தியபோது கோழி முட்டையிட்டது. "சீமையில போயும் தன் கடமைய விடல பாரு" என்று அப்பா சொன்னார். அம்மா அந்த முட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு ஹூப்ளிவரை வந்து, அங்கே ஒரு ஓட்டல்காரரிடம் கொடுத்து அவித்து, ஊதி ஊதி மோத்திக்கு ஊட்டினாள். எனக்குக் கிடைக்கவில்லை. கேட்டதற்கு, "ஒனக்கென்னல, நீ திரும்பி வரப்போறவன்" என்றாள்.

சேலத்துக்குப் பக்கத்தில் டீக்கடைக்காரர் ஒருவர் பன்னைப் பிய்த்து நீட்டி, "வா, வா, இந்தா தின்னு" என்று கூப்பிட்டார். மோத்தி அவரைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. இவர் என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்கிற முகம். "ஆஜா, காலே" என்று அதையே நான் இந்தியில் சொன்ன பிறகுதான் கிட்டே போய்த் தின்றது. டீக்கடைக்காரர், "அட, வடநாட்டு நாயா!" என்றார். நாங்கள் மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். மூன்று பேரில் ஒருவருக்காவது புத்தி வேலை செய்திருக்க வேண்டாமா? தமிழில் ஒரு வார்த்தை தெரியாத ஜீவனைக் கொண்டுபோய், இந்தியில் ஒரு வார்த்தை தெரியாத மனிதரிடம் விடப்போகிறோம் என்று தோன்றவில்லையே. சிரித்தோம்.

மாமா வீட்டில் நாலு நாள் இருந்தோம். கோழி மறுநாளே ஊர்க்கோழிகளோடு குப்பையைக் கிளற ஆரம்பித்துவிட்டது. அதற்கு எந்தப் பாஷையும் தேவைப்படவில்லை. மோத்தி என் காலைச் சுற்றியே கிடந்தது. புறப்படுகிற காலையில் அப்பா வண்டியைக் கிளப்பியதும் பின்னாலேயே ஓடிவந்தது. ரோட்டில் நாலுவழிச் சாலை வேலை நடந்துகொண்டிருந்தது, மண் லாரிகள் போவதும் வருவதுமாக இருந்தன. அப்பா வண்டியை நிறுத்தி, "ஏல, எறங்கி என்னமாஞ்செய்யி" என்றார்.

நான் இறங்கினேன். மாமா வீட்டு முன்னாலிருந்த தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். "பைட்டு" என்றேன். உட்கார்ந்தது. "ருக். அபீ ஆயா."

இப்ப வந்துடுறேன் என்று சொன்னேன். அதை நம்பித்தான் அது அசையாமல் உட்கார்ந்திருந்தது. வண்டியின் கண்ணாடியில் அது சின்னதாகிச் சின்னதாகி மறைகிறவரை பார்த்தேன். எழவேயில்லை.

பத்து நாள் கழித்து மாமா போன் செய்தார். "ஏல மருமவனே, இந்த நாய்க்குக் காது கேக்குமா கேக்காதா? தொண்டை கிழியக் கூப்பிடுதேன், திரும்பிப் பாக்க மாட்டக்கு. அந்தத் தொட்டிக்கிட்டயே உக்காந்திருக்கு." அப்போதுதான் எங்களுக்கு மண்டையில் உறைத்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் மாமாவுக்குப் பாடம் நடத்தினேன். கூப்பிட ஆஜா, சோறு வைத்தால் காலே, உட்காரச் சொல்ல பைட்டு. மாமா எழுதிக்கொண்டார். மறுநாள் ஒரே உற்சாகம். "காலேன்னு சொன்னேம்ல, தின்னுட்டு! அறுவது வயசுல இந்தி படிச்சிட்டேன். வேற ஏதும் வார்த்தை உண்டா?"

"அவ்வளவுதான் மாமா" என்றேன்.

பொய். சல் என்ற வார்த்தையை நான் சொல்லவில்லை. மறந்துபோய் அல்ல, வேண்டுமென்றேதான். அந்த ஒரு வார்த்தையையும் கொடுத்துவிட்டால் அது மாமாவோடு வயலுக்குப் போகும், கடைக்குப் போகும், என்னை மறந்துவிடும் என்று நினைத்தேன். அதை நானே வந்து சொல்ல வேண்டும், அப்போது அது வாலாட்டுவதை நானே பார்க்க வேண்டும் என்று ஆசை. என்ன மாதிரி ஆசை பாருங்கள். அடுத்த மே மாதம் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

அடுத்த மே மாதம் ஆபீசில் லீவு கொடுக்கவில்லை. அதற்கும் அடுத்த மே மாதம் கொடுத்தார்கள். நான் ஆபீஸ் நண்பர்களோடு கோவாவுக்குப் போனேன். எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் நடந்தது அதுதான். அம்மா மட்டும், "மோத்திய ஒரு எட்டு பாத்துட்டு வந்துருக்கலாம்லா" என்று கேட்டாள். "தீபாவளிக்குப் போறேம்மா" என்று எரிந்து விழுந்தேன்.

கோவாவிலிருந்து திரும்பிய வாரம் மாமா பேசினார். சாலை வேலைக்கு வந்த பீகார்ப் பையன்கள் இரண்டு பேர் தொட்டியில் தண்ணீர் எடுக்க வருவார்களாம். அவர்கள் பேச்சைக் கேட்டால் மோத்தி காதை நிமிர்த்துமாம். அன்றைக்கு ஒருவன் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு போகிறபோக்கில் விளையாட்டாக, "சல் பே, சல்" என்று சொல்லியிருக்கிறான்.

"எந்திச்சிட்டுடே," என்றார் மாமா. "ரெண்டு வருசமா நான் அதோட வாலு ஆடிப் பாத்ததில்ல. அன்னைக்கு ஆட்டுன ஆட்டு இருக்கே! அவனுவ பின்னாலேயே போவுது. ஆஜா ஆஜான்னு கத்துதேன், திரும்பல. சாயந்தரம் வந்துரும்னு இருந்தேன். மறுநாள் சைக்கிள எடுத்துக்கிட்டுப் போய்ப் பாத்தா, அவனுவ கூடாரத்தையே பிரிச்சுட்டுப் போய்ட்டானுவ. வள்ளியூர் வரைக்கும் தேடிட்டேன் மருமவனே."

மாமாவே கேட்டார். "அது என்னடே சல்லு? அப்படின்னா என்ன?"

"வா, போவோம்னு அர்த்தம் மாமா."

மாமா கோபமே இல்லாமல் சொன்னார். "இத மொதல்லயே சொல்லியிருந்தா நானே சொல்லியிருப்பேம்லா. எத்தன நாள் அது மழையில நனைஞ்சுகிட்டு உக்காந்திருந்துச்சு தெரியுமா?"

தாராவியில் எங்கள் சந்து இருந்த இடத்தில் இப்போது கட்டடம் நிற்கிறது. அந்த டெம்போ போய்விட்டது, அப்பாவும் போய்விட்டார். மாமா வீட்டின் முன்பாதி நாலுவழிச் சாலைக்குப் போய்விட்டது. போன வருஷம் ஊருக்குப் போயிருந்தபோது, தொட்டி எந்த இடத்தில் இருந்தது மாமா என்று கேட்டேன். அவருக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. வாசலில் நின்று கையை நெற்றிக்குக் கொடுத்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். லாரியும் பஸ்ஸுமாகப் போய்க்கொண்டிருந்தது. "அங்கன எங்கயோதாம்ல" என்றார்.