வானத்து வெளிச்சத்துக்கு ஒரே பிலிம்

மருதமலைப் படியில் பூக்காரம்மா பக்கத்தில் நிற்கிறேன். கையில் மைத்துனனின் கேமரா. பிலிமில் ஒரே படம்தான் மிச்சம். முட்டிவலியால் ஈரோட்டிலேயே தங்கிவிட்ட என் மனைவி, கோயமுத்தூர் விளக்குகளின் வெளிச்சம் வானத்தில் மஞ்சளாகப் படர்ந்திருப்பதைப் படத்திலாவது பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். நான் வந்த நேரம் ஊரிலேயே கரண்டு இல்லை.

“ஏனுங்க, இருட்டையா படம் புடிக்கறீங்க?” என்கிறார் பூக்காரம்மா.

“கரண்டு வரட்டும்னு நிக்கறனுங்க.”

“அப்ப முருகனைக் கூப்புடுங்க. கரண்டாபீஸ்ல போனை எடுத்துக் கீழ வெச்சிருப்பாங்க.”

கூப்பிடுகிறேன். கேமராவைக் கண்ணில் வைத்து, பட்டனில் விரலையும் வைத்துக்கொள்கிறேன்.

திடீரென்று ஊர் முழுக்க விளக்கு எரிகிறது. வானம் பொன்னாகிறது. “முருகா!” விளக்கைக் கண்டால் கும்பிட்டே பழகிய கைகள் தாமாகக் குவிகின்றன. அந்த அவசரத்தில் கேமரா கீழே சாய்ந்து, விரலும் அழுந்த, மண் படிந்த என் வெறுங்காலைப் பளிச்சென்று படம் பிடித்துவிடுகிறது.

பூக்காரம்மாவும் கும்பிட்ட கையை இன்னும் இறக்கவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்கிறார்:

“போச்சாதுங்க, உடுங்க. ஊட்ல அம்மணிகிட்ட, அவங்களுக்காக மலையேறுன காலு இதுதான்னு காட்டுங்க.”