ஒரு வண்டி, ஒரு ஜோடி கிளவுஸ்

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். மார்கழிப் பனி எதைத் துளைக்கும் என்று யாரும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன், கிளட்ச் பிடிக்கிற கையைத் துளைக்கும். விடிவதற்கு முன்னால் ஒரகடம் பக்கம் பைக் ஓட்டிப் பார்த்தவர்கள் யாரும் இதற்காக என்னோடு சண்டைக்கு வரமாட்டார்கள்.

வந்தது ஒருத்திதான். என்னோடு கம்பெனி லைனில் நிற்கிற ஜார்க்கண்ட் பெண். "அக்கா, இது குளிரா? எங்க ஊருக்கு வா, நான் காட்டறேன்" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். சிரிக்கட்டும். கம்பெனிக்குப் பக்கத்திலேயே அறை எடுத்து நடந்து வருகிறவளுக்கு என்ன தெரியும்? ஏரிக்கரையைத் தாண்டும்போது காற்று ஈரத்தோடு வந்து விரல் கணுக்களில் உட்காரும். பிரேக்கைப் பிடித்திருக்கிறோமா விட்டுவிட்டோமா என்பதே தெரியாமல் போகும்.

எங்கள் வீட்டில் வண்டி ஒன்று, வேலைக்குப் போகிறவர்கள் இரண்டு பேர். என் வீட்டுக்காரருக்குப் பிள்ளைப்பாக்கம் பக்கம் இரும்பை உருக்கி ஊற்றுகிற ஒரு வார்ப்புக் கம்பெனியில் எப்போதும் நைட் ஷிப்ட். அவரே கேட்டு வாங்கிக்கொண்டது. "ராத்திரில சூப்பர்வைசர் தொல்லை கம்மி" என்பது அவர் சொல்லும் காரணம். எனக்குக் காலை ஷிப்ட், ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் சாலையில் போய் உள்ளே திரும்ப வேண்டிய கார் கம்பெனியில். நான் காண்டிராக்ட், கம்பெனி பஸ்ஸில் எனக்கு இடம் கிடையாது. உள்சாலைக்கு ஷேர் ஆட்டோவும் வராது.

முதலில் அவர்தான் என்னைக் கொண்டுபோய் விட்டார். ஒரு நாள் ஏரிக்கரை ஓரமாக வண்டி மெல்ல மெல்ல இடது பக்கம் சாய்ந்து மண்ணில் இறங்கியது. இரவெல்லாம் வேலை செய்த மனிதர் ஹேண்டிலைப் பிடித்தபடியே தூங்கிவிட்டார். கர்த்தர் புண்ணியம், கீழே விழவில்லை. அன்றைக்கே சொல்லிவிட்டேன், இனிமேல் வண்டியை நான் ஓட்டுகிறேன் என்று. கியர் வண்டியை ஒரு பெண் ஓட்டுவதைப் பார்க்கப் படப்பையில் கொஞ்ச நாள் கூட்டம் கூடியது. பிறகு அவர்களுக்கும் அலுத்துவிட்டது.

ஏற்பாடு இதுதான். அவர் வேலை முடிந்து வண்டியில் ஒரகடம் கூட்டுரோடு டீக்கடை வரைக்கும் வருவார். நான் படப்பையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குவேன். சாவியும் ஹெல்மெட்டும் கை மாறும். நான் வண்டியில் கம்பெனிக்கு, அவர் ஆட்டோவில் தூங்கிக்கொண்டே வீட்டுக்கு. ஒரு நேரத்தில் ஒருவர்தானே ஓட்டுகிறோம் என்று கிளவுஸும் ஒரே ஜோடிதான் வாங்கினோம். உள்ளே பஞ்சு வைத்து மெத்தை மாதிரி இருக்கும். அவர் கைக்கு வாங்கியது, என் விரல் முடிந்த பிறகும் நுனியில் கொஞ்சம் காலியாக ஆடிக்கொண்டிருக்கும்.

குளிர்ந்தால் என்ன, கம்பெனிக்குப் போனால் சரியாகிவிடும் என்று நீங்கள் நினைக்கலாம். என் பிழைப்பே விரலில்தான் இருந்தது. காரின் கதவுத் தகட்டில் கண்ணுக்குத் தெரியாத சின்னப் பள்ளமோ மேடோ இருக்கும். பெயிண்ட் அடித்த பிறகுதான் பல்லிளிக்கும். அதை முன்னாலேயே கண்டுபிடிக்க மெல்லிய காட்டன் கிளவுஸ் போட்டுக்கொண்டு உள்ளங்கையைத் தகட்டில் படிய வைத்துத் தடவிப் பார்ப்பார்கள். வருஷக்கணக்காகத் தகடு தூக்கி மெஷினில் வைத்துக்கொண்டிருந்த என்னை, கை நன்றாகப் பேசுகிறது என்று அந்த வேலைக்குப் பழக்கினார்கள். பொங்கலுக்கு முன்னால் ஒரு டெஸ்ட். கண்ணை மூடிக்கொண்டு தடவி, பள்ளம் இருக்கிற இடத்தையெல்லாம் காட்ட வேண்டும். பாஸானால் அந்த வேலை எனக்கு. இல்லாவிட்டால் திரும்பவும் தகடு தூக்கப் போக வேண்டியதுதான். என் தோள்பட்டை ஏற்கெனவே அழ ஆரம்பித்திருந்தது.

ஷிப்ட் தொடங்கியதுமே டெஸ்ட் நடக்கும். என் விரலோ அந்த நேரத்தில் கட்டை. ஒத்திகை பார்த்தபோது பாதிப் பள்ளத்தை விட்டுவிட்டேன். பழக்கிவிட்டவர் ஒன்றும் திட்டவில்லை. "கையக் கொஞ்சம் சூடா வச்சுக்கோம்மா" என்று மட்டும் சொன்னார்.

வைத்துக்கொள்ள நான் படாத பாடு இல்லை. கிளவுஸுக்குள் பிளாஸ்டிக் கவர் மாட்டினேன், கை வேர்த்து இன்னும் ஜில்லிட்டது. சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் மேல் கை வைத்தேன், கிளவுஸ் ஓரம் கருகி நாற்றம் வந்ததுதான் மிச்சம். ஜார்க்கண்ட்காரிக்கே மனசு இளகி ஒரு பாட்டிலில் கடுகு எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தாள். வீட்டிலேயே தேய்த்துக்கொண்டு கிளம்பினேன், உண்மையிலேயே சூடாக இருந்தது. கையையும் நன்றாகத்தான் கழுவினேன். ஆனால் காட்டன் கிளவுஸைத் தாண்டி எண்ணெய் தகட்டில் ஏறிவிட்டது. எண்ணெய் பட்ட இடத்தில் பெயிண்ட் ஒட்டாது. லைனை நிறுத்தித் துடைத்தார்கள். அன்றைக்கு நான் வாங்கிய திட்டில் ஊரே குளிர் காய்ந்திருக்கலாம்.

அந்தக் கோபத்தையெல்லாம் மறுநாள் டீக்கடையில் வீட்டுக்காரர் மேல் கொட்டினேன். "உங்க கிளவுஸ் இன்னா இப்டி நசநசன்னு கீது? உள்ள உங்க வேர்வை, வெளிய பனி. இத்த போட்டுக்கினு போனா வெரலு எப்டி வெளங்கும்?"

அவர் கிளவுஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி வுடு, பாத்துக்கலாம்" என்றார். அவர் எதற்கும் அதைத்தான் சொல்வார்.

ஆனால் அடுத்த நாளிலிருந்து கிளவுஸ் காய்ந்து வந்தது. காய்ந்து மட்டுமல்ல, இஸ்திரி போட்ட துணி மாதிரி கதகதவென்று. நான் ஆட்டோவை விட்டு இறங்கும்போது அவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், கிளவுஸ் மடியில் இருக்கும். வாங்கிக் கையில் மாட்டினால் கம்பெனி வரைக்கும் சூடு தாங்கும். விரல் பேச ஆரம்பித்துவிட்டது. விட்டுப்போன பள்ளமெல்லாம் ஒவ்வொன்றாகக் கையில் தட்டுப்பட்டது. லைனில் பெருமையடித்துக்கொண்டேன், "என் வீட்டுக்காரரு கை அடுப்பு மாரி. அவரு போட்டுக் குடுத்தாலே போதும்." பெண்கள் எல்லாம் ஒரு மாதிரியாகச் சிரித்தார்கள். நான் கண்டுகொள்ளவில்லை.

டெஸ்ட் நாளன்று பனி சாலையையே விழுங்கியிருந்தது. லாரிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு தவழ்ந்தன. நான் டீக்கடைக்கு வந்தபோது பெஞ்ச் காலியாக இருந்தது. இப்படி ஒரு நாளும் நடந்ததில்லை. எப்போதும் அவர்தான் எனக்கு முன்னால் வந்திருப்பார்.

"என்ன தங்கச்சி, இன்னைக்கி மாப்பிள்ளைய இன்னும் காணுமே?" என்றார் டீ மாஸ்டர். தென்காசிப் பக்கத்துக்காரர், எங்கள் இரண்டு பேரையும் தினமும் பார்க்கிறவர். ரோட்டையே எட்டி எட்டிப் பார்த்தேன். வீட்டுக்காரர் திரும்பவும் வண்டியிலேயே தூங்கியிருப்பாரோ என்று ஒரு நினைப்பு, டெஸ்டுக்கு நேரமாகிறதே என்று இன்னொரு நினைப்பு. இரண்டையும் ஒன்றாக நினைக்கிறேனே என்று என் மேலேயே எரிச்சல்.

ஒருவழியாக வண்டி வந்து நின்றது. "அடுத்த ஷிப்ட்டு ரிலீவர் வர்றதுக்கு லேட்டாய்ட்ச்சி" என்றபடி இறங்கினார். ஹெல்மெட் வாரைக் கழற்றப் போனார். விரல்கள் வாரின் மேல் வழுக்கின. திரும்பவும் பிடித்தார், திரும்பவும் வழுக்கின. நேரமாகிறதே என்று நானே கையை நீட்டினேன். அவர் கை என் கையில் பட்டது.

ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மீன் மாதிரி இருந்தது. கணுவெல்லாம் வெளுத்து விறைத்திருந்தது.

"கிளவுஸ் எங்க?" என்றேன்.

அவர் சட்டைப் பொத்தானைத் திறக்கப் பார்த்தார், அதுவும் முடியவில்லை. நான்தான் திறந்தேன். பனியனுக்குள், வயிற்றோடு வயிறாக, இரண்டு கிளவுஸும் இருந்தன. காய்ந்து, கதகதவென்று.

"தெனமும் இப்படித்தான் வாராரு தங்கச்சி" என்றார் டீ மாஸ்டர். "வந்த ஒடனே இந்த பாய்லர்ல கையக் காட்டிக்கிட்டு நிப்பாரு. ஒன் ஆட்டோ வெளிச்சம் தெரிஞ்சதும் போயி பெஞ்சில உக்காந்துக்கிடுவாரு. ஒனக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன்."

எனக்குத் தெரியாது. தகட்டில் மயிரிழைப் பள்ளத்தைக் கண்டுபிடிக்கிறவள் நான். நாலு பேர் பார்க்கிற டீக்கடையில் புருஷன் கையைத் தொடுவோமா என்ன? சாவி பெஞ்சின் மேல் வரும், கிளவுஸ் மடியிலிருந்து வரும். கையும் கையும் ஒரு நாளும் பட்டதில்லை.

"உங்களுக்கு புத்தி கீதா? பிரேக்கு புடிக்க வேணாமா?" என்று கத்தினேன். கத்தும்போதே அழுகையும் வந்துவிட்டது.

"நீதானே வேர்வையா கீதுன்ன?" என்றார். "எனக்கு அங்கேர்ந்து இங்க, கொஞ்ச தூரந்தான். நெருப்பாண்ட வேல செஞ்சிட்டு வர்றவனுக்கு இதெல்லாம் ஒரு குளிரா? சீக்கிரம் போட்டுக்கினு கெளம்பு, சூடு எறங்கிடப் போவுது."

போட்டுக்கொண்டு கிளம்பினேன். வேறென்ன செய்வது? வழியெல்லாம் ஹெல்மெட்டுக்குள் அழுதேன், கண்ணாடி பனித்துப் போனது. கை மட்டும் கடைசி வரைக்கும் சூடாகவே இருந்தது. டெஸ்டில் கண்ணை மூடிக்கொண்டு தடவினேன். வேண்டுமென்றே ஓரத்தில் வைத்திருந்த, மற்றவர்கள் விட்டுவிடுகிற பள்ளத்தையும் காட்டினேன். வேலை எனக்குத்தான் என்றார்கள். சந்தோஷத்தில் ஜார்க்கண்ட்காரி என்னைத் தூக்கிச் சுற்றினாள்.

அன்று திரும்பும்போதே படப்பை ரோட்டோரக் கடையில் அவர் அளவுக்கு இன்னொரு ஜோடி வாங்கினேன். "இது உங்களுக்கு, அது எனக்கு. என்னுத நானே பையில எடுத்தாறேன்" என்று கண்டிப்பாகச் சொல்லி, பழையதை ஆணியில் மாட்டினேன். தலையை ஆட்டினார்.

காலையில் எழுந்து பார்த்தால் ஆணியில் ஒன்றுமில்லை. வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறிவிட்டது என்று புரிந்தது. இன்றைக்கு விடக் கூடாது என்று முந்தின ஆட்டோவைப் பிடித்துப் போய், டீக்கடை வாசலில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

பனிக்குள்ளிருந்து வண்டி வந்தது. முதலில் அவர் கையைத்தான் பார்த்தேன். இரண்டிலும் புதுக் கிளவுஸ் இருந்தது. இடுப்பிலிருந்து கையை எடுத்தேன். அவர் இறங்கி, நிதானமாக வாரைக் கழற்றி, சட்டைப் பொத்தானைத் திறந்து, உள்ளேயிருந்து பழைய ஜோடியை எடுத்து நீட்டினார்.

"நீ பையில எடுத்தாந்தா ஜில்லுன்னு இருக்கும்ல" என்றார்.

டீக்கடையில் நல்ல கூட்டம். அவர் கையிலிருந்த புதுக் கிளவுஸை உருவினேன். கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கையைத் தடவிப் பார்த்தேன். சூடாக இருந்தது.